பிடித்துப்போகும் இடமே பழுதாகும் இடம்: 1960-களின் கார்கள்

கேள்வி இதுதான்: 1960-களில் ஓடிய கார்கள் மீது இன்றும் இத்தனை பேருக்கு ஏன் இவ்வளவு பித்து? அவற்றில் ஒன்றை வாங்கி ஓட்ட நினைக்கிறவர் எந்தக் காரில் எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டுக்கும் பதில் ஒன்றே. அந்தப் பத்தாண்டில் கொண்டாடப்பட்ட கார்களை வரிசையாக நிறுத்தினால், ஒவ்வொன்றுக்குள்ளும் துணிச்சலான யோசனை ஒன்று இருக்கும். ஒருவர் இன்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்தார். இன்னொருவர் பின்சக்கரத்துக்கும் பின்னால் தள்ளி வைத்தார். வேறு சிலர் ஸ்பிரிங்கையே தூக்கிப் போட்டுவிட்டு எண்ணெயையும் வாயுவையும் நம்பினார்கள். பானட்டைத் திறந்தால் அந்த யோசனை கண்ணுக்குத் தெரியும். ஓட்டினால் உடம்புக்குத் தெரியும். மனசு அங்கேதான் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் காரைப் பாடாய்ப் படுத்தும் பழுதும் பெரும்பாலும் அதே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. ஒரு கார் தனக்கு ஏன் பிடித்திருக்கிறது என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவருக்கு, அதில் எங்கே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஏன் குறிப்பாக அந்தப் பத்தாண்டு? 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. புகை விதிகளும் கூடவே இறுகின. உலகம் முழுக்க விற்க நினைத்த எந்த நிறுவனமும் அவற்றுக்கு வளைந்துகொடுத்தே ஆக வேண்டியிருந்தது. ஜாகுவார் ஈ-டைப்பின் முகப்பு விளக்குகளை மூடியிருந்த கண்ணாடி 1967-இல் காணாமல் போனது. மினி அதே ஆண்டோடு அமெரிக்கச் சந்தையை விட்டே வெளியேறியது. விதிகள் உயிர் காத்தன, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் அதுவரை, தலைமைப் பொறியாளர் தாளில் போட்ட கோடு ஏறக்குறைய அப்படியே சாலைக்கு வந்தது. கூரையைத் தாங்கும் தூண்கள் மெலிதாக இருந்ததால் நாலாபக்கமும் கண்ணுக்குத் தெரியும். பவர் ஸ்டியரிங் இல்லாத சின்னக் கார்களில் சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் விரல் நுனிக்கு வந்து சேரும். மினியின் எடை 600 கிலோ சுற்றுவட்டம்தான். இன்றைய சின்னக் கார்கள்கூட அதைவிட முந்நூறு, நானூறு கிலோ கூடுதல்.

மினியையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1956 சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. கொஞ்சம் பெட்ரோலில் நான்கு பேர் ஒழுங்காக உட்கார்ந்து போகிற கார் வேண்டும் என்று பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் அலெக் இசிகோனிஸிடம் பொறுப்பை ஒப்படைத்தது. 1959 ஆகஸ்ட் 26 அன்று மினி வெளிவந்தது. மொத்த நீளமே 3.05 மீட்டர். 848 சிசி இன்ஜினைக் குறுக்குவாட்டில் திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள்ளேயே நுழைத்துவிட்டார். இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் அலெக்ஸ் மௌல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்புகள். பத்தே அங்குலச் சக்கரங்கள் நான்கையும் நான்கு மூலைகளுக்குத் தள்ளியாயிற்று. இப்படியாக, நீளத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் மிஞ்சியது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பிய கணமே கார் திரும்புவதும் இதனால்தான். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டே கார்லோ ராலியை மினி கூப்பர் எஸ் வென்றது. 1966-இலும் முதல் மூன்று இடத்தில் மினிதான் வந்தது. முகப்பு விளக்கு விதிக்குப் பொருந்தவில்லை என்று தகுதி நீக்கப்பட, பரிசு சிட்ரோயன் டிஎஸ்ஸுக்குப் போனது.

இனி அதே யோசனையின் மறுபக்கம். இன்ஜினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். கியர்ப் பற்கள் ஆயிலை நறுக்கிக்கொண்டே இருப்பதால் அதன் கெட்டித்தன்மை சீக்கிரம் போய்விடும். 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஏறக்குறைய 5 லிட்டர் பிடிக்கும். 5,000 கி.மீ.க்கு ஒருமுறை, ஓட்டம் குறைவாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை, மாற்றியே தீர வேண்டும். வடிக்கும் போல்ட்டின் நுனியில் காந்தம் உண்டு. அதில் சாம்பல் நிறத்தில் பசைபோல ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். ஊசி ஊசியாகவோ செதில் செதிலாகவோ இரும்பு வந்தால் கியர்பாக்ஸைப் பிரிக்கும் வேளை வந்துவிட்டது. கியரை மட்டும் தனியாகக் கழற்ற முடியாது. இன்ஜினோடு சேர்த்துத்தான் இறக்க வேண்டும். பழைய மினியை ஓட்டிப் பார்க்கும்போது மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்குங்கள். கரகரவென்று இடித்தால், பற்கள் இடிக்காமல் கியர் விழச் செய்யும் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது.

இன்ஜினைக் குறுக்கே வைத்ததால், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் நேராக முன் கிரில்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கனமழையில் திடீரென்று நின்றுபோகும் மினியில் முதல் சந்தேகம் இதன் மீதுதான். மூடியைத் துடைத்துக் காய வைத்து, கிரில்லுக்குப் பின்னால் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றைப் பொருத்தினால் தொல்லை தீர்ந்தது. ரப்பர் கூம்புகள் காலப்போக்கில் அமுங்கி இறுகிவிடும். கார் தாழ்ந்து நிற்பதும், சின்னப் பள்ளத்துக்கே முதுகெலும்பு அதிர்வதும் அதன் அடையாளம். புதுக் கூம்பு போட்டால் காரின் குணமே மாறிவிடும். துருவைப் பொறுத்தவரை, பின்சக்கரங்களைத் தாங்கும் தனிச் சட்டமான பின் சப்ஃபிரேமைத்தான் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். அது உளுத்திருந்தால் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1930-களில் பிறந்த கார். ஆனால் அது உலகத்தையே சுற்றி வந்தது 1960-களில்தான். 1972 பிப்ரவரி 17 அன்று 1,50,07,034-ஆவது பீட்டில் வெளிவந்தபோது ஃபோர்டு மாடல் டி-யின் தயாரிப்பு எண்ணிக்கைச் சாதனை முறிந்தது. 2003 ஜூலை 30-இல் மெக்சிகோவில் கடைசி வண்டி இறங்கும்வரை மொத்தம் 2,15,29,464. அதன் யோசனை எளிமை: காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் இன்ஜின், ரேடியேட்டரே கிடையாது. தண்ணீர் இல்லாததால் கொதிக்கவும் வழியில்லை, உறையவும் வழியில்லை. பழக்கப்பட்ட இரண்டு பேர் ஒரு ஜாக்கியோடு ஒரு மணி நேரத்துக்குள் இன்ஜினைக் கீழே இறக்கிவிடுவார்கள்.

காற்றை நம்பியிருப்பதால், அந்தக் காற்று சரியாகப் போகிறதா என்பதே பீட்டில் பராமரிப்பில் பாதி. டைனமோவையும் குளிர்விக்கும் ஃபேனையும் ஒரே பெல்ட் சுற்றுகிறது. ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் ‘சார்ஜ்தானே ஏறவில்லை, வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நினைக்காதீர்கள். பெல்ட் அறுந்திருந்தால் ஃபேனும் நின்றிருக்கும். சில நிமிடங்களில் இன்ஜின் வெந்துவிடும். உடனே ஓரங்கட்ட வேண்டும். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 15 மி.மீ. அளவுக்கு அமுங்க வேண்டும். இறுக்கமும் தளர்வும் டைனமோ புல்லியின் இரு பாதிகளுக்கு நடுவில் இருக்கும் வாஷர்களைப் பொறுத்தவை. நடுவிலிருந்து ஒன்றை எடுத்து வெளிப்பக்கம் போட்டால் பெல்ட் இறுகும். எடுத்த வாஷரைத் தொலைக்காமல் அங்கேயே மாட்டி வையுங்கள்.

இன்ஜினைச் சுற்றியிருக்கும் தகர மூடிகளையும் அவற்றின் ரப்பர் விளிம்பையும் ‘அலங்காரம்’ என்று கழற்றிப் போட்டிருக்கும் பீட்டில்கள் ஏராளம். கீழே வெளியேறும் சூடான காற்று மறுபடி மேலே ஏறாமல் தடுப்பவை அவைதான். மூன்றாவது சிலிண்டர் இதில் பரிதாபமான சிலிண்டர். 1960-களின் அமைப்பில் ஆயில் கூலர் அதற்குப் போகும் காற்றை மறித்துக்கொண்டு நிற்கிறது. அதனால் அந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வுதான் முதலில் கருகும், சில சமயம் தலையே முறிந்து பிஸ்டனில் விழும். 5,000 கி.மீ.க்கு ஒருமுறை, இன்ஜின் முழுக்க ஆறியபின், வால்வு இடைவெளியைப் பாருங்கள். பெரும்பாலான இன்ஜின்களுக்கு 0.15 மி.மீ.; ஆரம்பகால 1200 இன்ஜின்களுக்கு வேறு, கையேட்டைப் பார்க்கவும். இடைவெளி கூடினால் டக்டக்கென்று சத்தம் கேட்கும். குறைந்தால் சத்தமே இருக்காது. வால்வு முழுதாக மூடாமல் எரிந்துகொண்டிருக்கும். சத்தம் போடும் டாப்பெட்டை (வால்வைத் தள்ளும் பாகம்) விடச் சத்தமில்லாத டாப்பெட்டுக்குத்தான் அஞ்ச வேண்டும். அதோடு 2.5 லிட்டர் ஆயிலையும் மாற்றி, சல்லடையைக் கழுவிவிடுங்கள். தனி ஆயில் ஃபில்டர் இந்த இன்ஜினில் இல்லை.

பீட்டில்கள் தீப்பிடித்த கதைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒரு சின்னப் பித்தளைக் குழாய். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் அந்தக் குழாய் அழுத்திச் செருகப்பட்டது மட்டுமே. அது தளர்ந்து கழன்றால் பெட்ரோல் நேராக டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கொட்டும். கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் மரை போட்ட குழாயாக மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகையில் புதிதாகப் போடுங்கள். உடலில் பார்க்க வேண்டியவை இரண்டு: கதவுக்குக் கீழே ஓடும் சூட்டுக் குழாய்ச் சட்டங்கள், பின்சீட்டுக்கு அடியில் பாட்டரி உட்காரும் தரை.

அதே குடும்பத்து யோசனையை உச்சிக்குக் கொண்டுபோனது போர்ஷே 911. 1963 செப்டம்பரில் பிராங்க்பர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் வந்தது. நடுவில் சுழியம் வரும் மூன்றிலக்கப் பெயர்கள் தங்களுடையவை என்று பெஜோ நிறுவனம் ஆட்சேபிக்க, 911 ஆனது. 1,991 சிசி, ஆறு சிலிண்டர், 130 குதிரைத்திறன், எல்லாம் பின்சக்கரத்துக்குப் பின்னால். பாரம் பின்னால் இருப்பதால் வளைவிலிருந்து வெளியேறும்போது பின்சக்கரம் தரையைக் கவ்விக்கொண்டு தள்ளும். ஆனால் அதே பாரம், வளைவுக்கு நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால், பின்பக்கத்தைச் சுழற்றி எறியும். ஆரம்பகாலத்தில் முன் பம்பரின் முனைகளுக்குள் எடைக்கட்டி வைத்துச் சமாளித்தார்கள். 1969 மாடலில் இரு அச்சுகளுக்கு இடையேயான தூரத்தை 57 மி.மீ. நீட்டிய பிறகே கார் கொஞ்சம் சாந்தமானது. குட்டை 911 ஓட்டுபவர்கள் வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, உள்ளே நுழைந்தபின் ஆக்சிலரேட்டரை மிதமாகப் பிடித்தபடியே போவார்கள். முன் டயரைவிடப் பின் டயரில் காற்று கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும் இதன் பகுதிதான்.

911-இல் ஆயில் அளவைக் குளிர்ந்த இன்ஜினில் பார்த்து ஊற்றுவது பரவலான தவறு. ஆயில் தனித் தொட்டியில் இருப்பதால், சமதரையில் நிறுத்தி, இன்ஜின் நன்றாகச் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் கோலை எடுத்துப் பார்க்க வேண்டும். இல்லையேல் கூடுதலாக ஊற்றிவிடுவீர்கள். காற்று ஃபில்டர் வழியாக ஆயிலைக் கக்கும். இன்னொன்று, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாப்டைச் சுழற்றும் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கத்திலிருந்து கலகலவென்று ஒலி வந்து அடங்கினால் அது சோர்ந்துவிட்டது. சங்கிலி பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். 1984 மாடலில் வந்த, ஆயில் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனரைப் பழைய இன்ஜினுக்கும் பொருத்தலாம்; அசல் வடிவம் கெடுகிறதே என்று யோசிக்கும் இடம் இதுவல்ல.

ஜாகுவார் ஈ-டைப்புக்கு அறிமுகம் தேவையில்லை. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் திரை விலகியது. மால்கம் சேயர் விமான ஆலையில் கற்ற காற்றியக்கக் கணக்கில் வரைந்த உடல், 3.8 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், மூன்று எஸ்யூ கார்புரேட்டர், மணிக்கு 150 மைல் என்ற அறிவிப்பு. அதன் யோசனை பந்தயக் காரின் எலும்பை வீதிக் காருக்குக் கொடுத்தது: நடுவில் தொட்டி போன்ற தகட்டு உடல், அதன் முன்னால் சதுரக் குழாய்களால் ஆன சட்டம் போல்ட்டால் பிணைக்கப்பட்டு, இன்ஜினும் முன் சஸ்பென்ஷனும் அதில் தொங்கும். அந்தக் குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டரித் தட்டுக்குக் கீழே இருக்கும் குழாயைக் குறிப்பாகப் பாருங்கள். ஒட்டுப் போட்ட சட்டத்தை ஏற்காதீர்கள்; புதிதாக மாற்றுவதே வழி.

பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரென்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கின்றன. சக்கரத்தின் எடை குறைந்து கார் பட்டுப்போல ஓடுவதற்கு அது காரணம். டிஸ்க்கின் சூட்டில் டிஃபரென்ஷியலின் ஆயில் சீல் வெந்து, ஆயில் பிரேக் பேடில் கசிவதற்கும் அதுவே காரணம். ஒழுங்காகச் சரிசெய்ய, பின் அமைப்பு முழுவதையும் கூண்டோடு இறக்க வேண்டும். இறக்கினதும் இறக்கினோம் என்று சீல், டிஸ்க், ஹேண்ட்பிரேக், ரப்பர் தாங்கிகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். 1964-க்குப் பின் வந்த 4.2 லிட்டர் கார்களில் முதல் கியருக்கும் சின்க்ரோ உண்டு, இருக்கையும் முன்னதைவிட நல்லது. ஓட்டுவதற்கு வாங்குகிறவர் 4.2 வாங்கட்டும், 3.8-ஐ அதன் வரலாற்றுக்காக விரும்புகிறவர் மட்டும் அதைத் தேடட்டும்.

இந்தப் பட்டியலில் அறிவு பூர்வமாக எல்லாவற்றையும் தாண்டி நிற்பது சிட்ரோயன் டிஎஸ். 1955-இல் பாரிஸில் அறிமுகமான அன்றே ஏறக்குறைய 12,000 ஆர்டர். ஆந்த்ரே லெஃபெவ்ர் பொறியியல், ஃபிளமினியோ பெர்டோனி வடிவம். ஒரு பம்ப், அதிலிருந்து வரும் அழுத்தம். சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங், பல மாடல்களில் கியர், கிளட்ச் வரை எல்லாம் அதில்தான். ஸ்டார்ட் செய்ததும் கார் மெல்ல எழுந்து நிற்கும். 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸை அடுத்த பெத்தி-கிளமாரில் பிரெஞ்சு அதிபர் டிகாலின் கார் மீது குண்டுமழை பொழிந்தபோது, டயர் வெடித்த நிலையிலும் ஓட்டுநர் தப்பித்துப் போனது இந்தக் காரில்தான். 1967 இறுதியில் வந்த புது முகப்பில், ஸ்டியரிங் திரும்பும் பக்கம் முகப்பின் உள்பக்க விளக்குகளும் திரும்பும்.

டிஎஸ் வாங்கியவர் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே விஷயம் திரவத்தின் நிறம். 1966 வரை சிவப்புத் திரவம், அதன் பிறகு பச்சை மினரல் திரவம். ஒன்றுக்கான ரப்பர் சீல்கள் மற்றதில் வீங்கிக் கரைந்துவிடும். பச்சைக் காரில் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் மூன்றும் சேர்ந்து கெடும். பச்சைத் திரவக் கார்களில் பாகங்களுக்கே பச்சை வண்ணம் அடித்திருப்பார்கள். ஆனால் மூடியைத் திறந்து கண்ணால் பார்க்காமல் எதையும் ஊற்றாதீர்கள். மெத்தை போன்ற மென்மை போய்க் கார் துள்ள ஆரம்பித்தால், ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஸ்பிரிங்காக இருக்கும் உலோக உருண்டைகளில் நைட்ரஜன் குறைந்துவிட்டது. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் டிக் என்று தட்டும் ஒலியை எண்ணுங்கள். இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை தட்டினால் அழுத்தத்தைச் சேமிக்கும் உருண்டை செத்துவிட்டது. உருண்டையைக் கழற்றுவதற்கு முன் அழுத்தத்தை முழுக்க இறக்குங்கள். மிக முக்கியமாக, தன் அழுத்தத்தில் உயர்ந்து நிற்கும் டிஎஸ்ஸுக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். அழுத்தம் விட்டால் அது தரையில் வந்து உட்காரும். ஸ்டாண்ட் கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும்.

டிஎஸ்ஸின் தகடுகள் எல்லாம் போல்ட்டில் நிற்பவை. பின் மட்கார்டு ஒரே போல்ட்டில் கழன்றுவரும். அதைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அழகான தோலுக்குள் இருக்கும் பெட்டிச் சட்டங்களும் டிக்கித் தரையும்தான் காரின் உயிர். கழற்ற மறுக்கிற விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

ஃபோர்டு மஸ்டாங் வேறு ரகம். 1964 ஏப்ரல் 17 அன்று வந்தது. அடியில் சாதாரணக் குடும்பக் காரான ஃபால்கன், மேலே இளைஞர்கள் ஏங்கும் உடல். முதல் நாளே 22,000 ஆர்டர்கள், இரண்டே ஆண்டில் பத்து லட்சம் கார்கள். புதுமை இன்ஜினில் இல்லை, தேர்வுச் சுதந்திரத்தில் இருந்தது: ஆறு சிலிண்டரா, வி வடிவில் எட்டு சிலிண்டர் உள்ள வி8-ஆ, எந்த கியர், எந்த இருக்கை என்று வாங்குகிறவர் தானே கட்டிக்கொள்ளலாம். இன்றைக்கும் முழு உடலே புதிதாகக் கிடைக்கும் அளவுக்கு உதிரிபாகங்கள் குவிந்துகிடக்கின்றன.

அந்தத் தேர்வுச் சுதந்திரம்தான் மோசடிக்கும் கதவு. சாதாரண ஆறு சிலிண்டர் காரில் வி8-ஐ இறக்கி விலையேற்றி விற்பார்கள். வண்டி எண்ணின் ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். 1965 மாடலில் ‘டி’ (T) என்றால் ஆறு சிலிண்டர். ‘சி’ (C) என்றால் 289 கன அங்குல வி8, 200 குதிரைத்திறன். ‘ஏ’ என்றால் 225. ‘கே’ என்றால் 271 குதிரைத்திறனுள்ள உயர்வகை. இன்ஜின் அறையின் உட்பக்கத் தகட்டில் அது பொறிக்கப்பட்டிருக்கும். அடுத்து, முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுத் துவாரத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, உள்ளே கால் வைக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமானால் உள்தகடு துருப்பிடித்து ஓட்டை. அதைச் சரிசெய்ய முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும். 1966 வரையிலான மஸ்டாங்கில் பிரேக்குக்கு ஒரே சுற்றுதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போகும். 1967-இல் வந்த இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்திவிடுவது புத்திசாலித்தனம்.

1962-இல் வந்த எம்ஜிபி ஆடம்பரமில்லாத நல்ல கார். 1,798 சிசி, இரண்டு எஸ்யூ கார்புரேட்டர், தனி சேஸிஸ் இல்லாத உடல். கூரையில்லாத காரில் அந்த உடலை வளையாமல் தாங்குவது கதவடியில் ஓடும் சில் பெட்டிகள் மட்டுமே. கதவுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளி மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொய்ந்துவிட்டது. சில்லை வெட்டும் முன் கதவு வாசலில் குறுக்கே கம்பி வைத்து வெல்டு அடித்து இறுக்கிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்யாமல் வெட்டியவர்களின் கதவு பிறகு மூடவே மூடாது. 1967 வரையிலான எம்ஜிபிகளில் பாட்டரியின் பாஸிடிவ் முனைதான் எர்த். தெரியாமல் புது ரேடியோவை மாட்டினால் புகை வரும். எஸ்யூ கார்புரேட்டரின் கலவையைப் பார்க்க எளிய வழி: இன்ஜின் சூடேறி ஐடிலில் இருக்கும்போது கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் கூடுதல். தடுமாறி அணைந்தால் குறைவு. லேசாக ஏறி மறுபடி இறங்கினால் சரி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1966-இல் வந்த லம்போர்கினி மியூரா, வி12 இன்ஜினைக் குறுக்கே இருக்கைக்குப் பின்னால் வைத்தது. கார்புரேட்டரில் தேங்கும் பெட்ரோல் தீப்பிடிப்பது அதன் சாபம். 1963 மெர்சிடிஸ் 230 எஸ்எல்லின் குழிந்த கூரையால் அதற்கு ‘பகோடா’ என்று பெயர்; இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் அதன் இயந்திர இன்ஜெக்ஷன் பம்பைத் தெரியாதவர் தொடக்கூடாது. ஆல்ஃபா ரோமியோ ஜூலியாவின் இன்ஜினைக் கேட்டவர் மறக்கமாட்டார். உடல் மட்டும் துருவுக்கு எழுதிக்கொடுத்தது. வால்வோ பி1800 எஸ் ஒன்று, 1966 மாடல், அமெரிக்காவில் ஒரே உரிமையாளரிடம் 30 லட்சம் மைலைத் தாண்டியது. நேரம் தவறாமல் ஆயில் மாற்றினால் பழைய இரும்பு எவ்வளவு தாங்கும் என்பதற்கு அது போதும்.

முதல் பழைய கார் எது என்றால், பீட்டில் அல்லது எம்ஜிபி. பாகம் கிடைக்கும், புத்தகம் கிடைக்கும், பிழை செய்தாலும் திருத்தலாம். ஈ-டைப்பையும் டிஎஸ்ஸையும் கை பழகிய பிறகு வைத்துக்கொள்ளலாம். எந்தக் காராக இருந்தாலும் இன்ஜினைவிட உடலுக்கு முதலிடம் கொடுங்கள். நல்ல உடலும் கெட்ட இன்ஜினும் உள்ள காரை வாங்கலாம். மறுதலையாக உள்ளதை வாங்கக் கூடாது. மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தைச் சக்கர வளைவு, கதவின் அடி, சில் ஆகியவற்றில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது.

இன்றைய பெட்ரோலில் ஈயம் இல்லை. இரும்பு ஹெட் உள்ள மினி, எம்ஜிபி, மஸ்டாங் போன்றவற்றில் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை தேய்ந்து உள்ளே இறங்கும். வால்வு இடைவெளி மாதாமாதம் குறைந்துகொண்டே போவது அதன் அறிகுறி. அடுத்தமுறை ஹெட்டைக் கழற்றும்போது கடின இருக்கை போட்டுவிட்டால் கவலையில்லை. அலுமினிய ஹெட் உள்ள பீட்டில், 911, ஜாகுவாருக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆயிலில் துத்தநாகம் கலந்த தேய்மானத் தடுப்பு கூடுதலாக உள்ள வகையையே ஊற்றுங்கள். நவீன ஆயில்களில் அது குறைக்கப்பட்டிருப்பதால் கேம்ஷாப்டும் டாப்பெட்டும் உராய்ந்து தேயும்.

பல ஆண்டுகள் கொட்டகையில் நின்ற காரை எழுப்பும்போது அவசரம்தான் இன்ஜினைக் கொல்கிறது. முதலில் சாவியைத் திருப்பவே கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு தேக்கரண்டி மெல்லிய ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மறுத்தால் பலம் காட்டாமல் இன்னும் சில நாள் ஊறட்டும். சுற்றியதும் பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில், புது ஃபில்டர். பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரை ஓட்டி, ஆயில் அழுத்த முள் எழும்பும்வரை பாருங்கள். டேங்கிலுள்ள பழைய பெட்ரோலை வெளியேற்றி, முதல் ஓட்டத்துக்குத் தனி கேனிலிருந்து பெட்ரோல் கொடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் மின்தொடர்பு முனையான பாயின்டை மெல்லிய அரத்தால் தேய்த்து இடைவெளி வையுங்கள். பெரும்பாலான நான்கு சிலிண்டர் கார்களுக்கு 0.40 மி.மீ. சரி.

ஓடிவிட்டது என்ற மகிழ்ச்சியில் சாலைக்கு எடுத்துவிடாதீர்கள். பிரேக்கின் ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. எல்லாவற்றையும் மாற்றி, சக்கர சிலிண்டர்களைப் பிரித்துப் பார்த்து, புது பிரேக் ஆயிலில் காற்றெடுங்கள். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கிலக்க எண் தயாரித்த வாரமும் ஆண்டும். பத்து ஆண்டைத் தாண்டியிருந்தால் டயரின் பூ (மேற்பள்ள வடிவம்) முழுசாக இருந்தாலும் அது கடினப்பட்ட ரப்பர்தான். முதல் 100 கி.மீ. ஊருக்குள்ளேயே ஓட்டி, ஆயிலை மறுபடி சூடாக வடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். உலோக மினுமினுப்பும் தண்ணீர்க் குழம்பும் இல்லையென்றால் புதிதாக ஊற்றுங்கள். அடுத்த மாற்றம் 5,000 கி.மீ.க்குப் பிறகு போதும்.